உப்புப் போடாத சட்டி

அம்மருட், ஒஸ்லோ
03.10.2006

இரத்தினவேலுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு வெட்டிவிட்டேன். பதினைந்து மாதம் கதைக்காமல் இருந்த தம்பிக்குக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

நீ சொன்னது நடந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அத்தானுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குதான் வேலை செய்கிறது என்று டொக்டர் தாளில் கீறிக் காட்டினார். ஓகஸ்டில் பஸ் ஓடிக்கொண்டிருந்தவருக்குத் தலை சுற்றியிருக்கிறது. குறொன்லாண்ட் தரிப்பில் பஸ்ஸை நிறுத்தி, கதவுகளைத் திறந்துவிட்டு, ஆசனத்திலேயே சாய்ந்திருக்கிறார். இனி பஸ் ஓட முடியாது. காலையில் நான் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போகும்போது யன்னலருகே இருக்கிறார். வரும்போதும் அங்கேயே இருக்கிறார்.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். மகள் கம்சாயினி படிப்பை முடித்து ஸ்தவாங்கருக்கு எண்ணெய்க் கம்பனி வேலைக்குப் போகுமுன் நாங்கள் கொடுத்த விருந்து. நாற்பது பேர். உன் மனைவி மொறீன் தன் ஊர்ச் சமையலைக் காட்ட வேண்டும் என்று விடிய எழும்பி, ஆட்டிறைச்சியின் மேல் உருளைக்கிழங்கை அடுக்கி ஓவன் அடுப்பில் வைத்தாள். அத்தான் ஒரு வாய் வைத்துவிட்டு, "இது இறைச்சி குளிச்ச தண்ணி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். அவர் எழும்பிப் போய் உப்பையும் மிளகாய்த்தூளையும் கொண்டுவந்து அந்தத் தட்டம் முழுக்கக் கொட்டிக் கிளறினார். மொறீன் பார்த்துக்கொண்டு நின்றாள். அது பிழை. பிழை இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆனால் நீ என்ன சொன்னாய்? "உங்கடை காலைப் பாருங்கோ அத்தான். இந்த உப்பு உங்களைத் திண்டுபோடும். ரெண்டு வருசத்துக்கு மேலை இருக்க மாட்டியள்." நாற்பது பேருக்கு முன்னால், கூடப் பிறந்தவளின் புருசனுக்குச் சொல்லும் சொல்லா அது? உங்கள் இரண்டு பேரையும் வெளிக்கிடச் சொல்லிக் கதவைத் திறந்தவள் நான்தான். அதற்காக இன்னும் வருத்தப்படவில்லை.

சந்தோசமா இப்போது?

நீ ஆஸ்பத்திரிக் குசினியில் இருபது வருசம் சமைக்கிறவன். உப்பைத் தொடக்கூடாது என்று சொல்லப்பட்ட மனுசனுக்கு எதைக் கொடுப்பது என்று உனக்குத் தெரிந்திருக்கும். எழுதினால் எழுது. நான் எழுதியது அவருக்குத் தெரியாது. தொலைபேசி எடுக்காதே. பகல் முழுக்க அவர்தான் அதன் பக்கத்தில் இருக்கிறார்.

உதயகுமாரி

•

பிரெஸ்டன், இங்கிலாந்து
12.10.2006

அன்புள்ள அக்கா,

நீங்கள் வெட்டிய சொல்லை நான் வெட்டவில்லை.

சந்தோசமா என்று கேட்டீர்கள். அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. நான் சாபம் போடவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத இன்றைக்கு என்னால் முடியவில்லை.

எங்கள் குசினியில் சிறுநீரக நோயாளர்களுக்குத் தனிச் சட்டி. உணவியல் நிபுணர் எழுதித் தருவதை நாங்கள் சமைத்து அனுப்புவோம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கருவாடு, அச்சாறு, மோர்மிளகாய், ரின்னில் அடைத்து வரும் மீன் எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள். பாணிலும் சீஸிலும் உப்பு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தந்த தாள்களைக் கம்சாயினியைக் கொண்டு ஒருமுறை முழுக்க வாசிப்பியுங்கள். உங்களுக்கு நோர்வேஜிய மொழி தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாசிப்பியுங்கள்.

உண்மையில் இதெல்லாம் தெரிந்தவள் மொறீன். உங்கள் கடிதத்தை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். உடுப்புக் காயப்போட வெளியே போனாள். வந்து, "அந்தச் சமையலை நான் ஒன்பது வருசம் பார்த்துவிட்டேன்" என்றாள்.

இருபது வருசத்தில் எனக்கே அவள் முழுதாகச் சொல்லாத கதை அது. அவளுடைய அப்பாவுக்கும் சிறுநீரகம்தான். அவளுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அவளுடைய அம்மா உப்புப் போத்தலைக் குப்பையில் போட்டாராம். அப்பாவுக்கு மட்டும் தனியாகச் சமைத்தால் அவர் தனியாக இருந்து தின்ன வேண்டிவரும் என்று, மூன்று பிள்ளைகளும் அம்மாவும் ஒன்பது வருசம் அதையே சாப்பிட்டிருக்கிறார்கள். அவள் அன்றைக்கு உங்கள் வீட்டில் வைத்தது அந்தச் சட்டி. அவளுக்கு வேறு விதமாக அதைச் சமைக்கத் தெரியாது.

வெள்ளைக்காரருக்கு, அதுவும் இங்கிலாந்துக்காரருக்கு, நாக்கு இல்லை என்று நாங்கள் எல்லாரும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு முன்னாலேயே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

சொல்லித் தருவாயா என்று கேட்டேன். "அவர் கேட்கட்டும்" என்றாள். நீங்கள் அல்ல, நான் அல்ல, அத்தான் கேட்க வேண்டுமாம்.

தம்பி
இரத்தினவேல்

•

அம்மருட், ஒஸ்லோ
24.10.2006

இரத்தினவேலுக்கு,

மொறீனின் அப்பாவின் கதையை வாசித்துக் கவலைப்பட்டேன். அது வேறு. ஆனால் ஒரு மனுசன் சாகக் கிடக்கும்போது 'அவர் கேட்கட்டும்' என்று சொல்லும் மனம் எனக்கு விளங்கவில்லை. அத்தானிடம் நான் போய், அவளிடம் கேளுங்கள் என்று சொல்ல வேண்டுமா? இந்த வீட்டில் இப்போது என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாது.

முதல் கிழமை உப்பில்லாமல் பருப்பும் போஞ்சியும் வைத்துக் கொடுத்தேன். கோப்பையைத் தள்ளிவிட்டு, "என்னை இங்கிலாந்துக்கு அனுப்பிப்போட்டியோ?" என்றார். அடுத்த நாள் ஒன்றும் சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாள் கீழ்மாடியில் இருக்கும் சிறீஸ்கந்தராசா வீட்டில் கருவாட்டுக் குழம்போடு சோறு சாப்பிட்டுவிட்டு வந்தார். கையை மணந்து பார்த்துக் கண்டுபிடித்தேன். முப்பது வருசம் குடும்பம் நடத்திய புருசனின் கையைப் பிடித்து மணந்து பார்க்கிற நிலைக்கு வந்துவிட்டேன். அவர் கையை இழுக்கவில்லை. அதுதான் என்னை அழவைத்தது.

ஆனால் இப்போது வழி கிடைத்துவிட்டது. எனக்கு யாருடைய உதவியும் வேண்டாம். கடையில் ஒரு பெட்டி உப்பு பார்த்தேன். உப்புத்தான், ஆனால் உப்பு இல்லை. சோடியம் குறைந்தது, இரத்த அழுத்தக்காரருக்கு நல்லது என்று பெட்டியில் போட்டிருக்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கடைசியில் கொஞ்சம் கசப்பு, மற்றப்படி வித்தியாசம் இல்லை. அதைப் போட்டு உருளைக்கிழங்குப் பிரட்டலும் தக்காளிச் சொதியும் வைத்தேன். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். ஐந்து நாளாக மூன்று நேரமும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். நேற்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கை கால் சோர்வாக இருக்கிறது என்கிறார். படியேறக் கஷ்டப்படுகிறார். குளிர் தொடங்கிவிட்டதுதானே.

ஆகவே உன் மனைவியைத் தொந்தரவுபடுத்த வேண்டாம்.

உதயகுமாரி

•

பிரெஸ்டன்
31.10.2006, பிற்பகல்

அக்கா,

உங்கள் கடிதம் இன்று காலை பத்து மணிக்கு வந்தது. மொறீனுக்கு வரி வரியாகச் சொல்லிக்கொண்டு போனேன். அந்தப் பெட்டி உப்புக்கு வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொன்னாள். அதில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம். நல்ல சிறுநீரகம் உள்ளவனுக்கு ஒன்றும் செய்யாது. அத்தானின் உடம்பால் அதை வெளியேற்ற முடியாது. அது சேர்ந்து சேர்ந்து இருதயத்தை நிறுத்திவிடும். உருளைக்கிழங்கிலும் தக்காளியிலும் அதுவேதான் இருக்கிறது. கை கால் சோர்வு குளிரால் வந்தது இல்லை.

நீங்கள் எடுக்காதே என்று எழுதியிருந்தும் தொலைபேசி எடுத்தேன். அத்தான்தான் எடுத்தார். "அத்தான், நான் இரத்தினவேல்" என்றேன். வைத்துவிட்டார். திரும்ப எடுத்தேன். "அந்த உப்பு" என்று தொடங்குவதற்குள் வைத்துவிட்டார். மூன்றாம் தரம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. உங்கள் வேலையிடத்து இலக்கம் என்னிடம் இல்லை. இருபது வருசத்தில் அதை நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

கம்சாயினியின் இலக்கத்தை மொறீன்தான் பழைய நத்தார் வாழ்த்து அட்டை ஒன்றில் தேடி எடுத்தாள். பிள்ளை கூட்டமொன்றில் இருந்திருக்கிறாள். வெளியே வந்து கேட்டாள். நான் சொல்லி முடிப்பதற்குள், "மாமா, வையுங்கோ, நான் அம்புலன்சுக்கு அடிக்கிறன்" என்றாள். அது பதினொன்றேகாலுக்கு. இப்போது மூன்று மணி. அவள் இன்னும் எனக்குத் திருப்பி எடுக்கவில்லை.

சும்மா இருக்க முடியாமல் எழுதுகிறேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும். நல்ல செய்தி வந்தபிறகு எழுதினால் நான் மாற்றி எழுதிவிடுவேன்.

போன வருசம் நாங்கள் வந்திறங்கிய முதல் நாளே அத்தானின் காலைக் கண்டேன். சப்பாத்தைக் கழற்றியபோது காலுறையின் அடையாளம் சதைக்குள் பதிந்து கிடந்தது. முகமும் ஊதியிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த முகங்களை நான் ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். எனக்கு விளங்கியது. தனியாகக் கூப்பிட்டு, 'அத்தான், ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோ' என்று சொல்வதற்கு எனக்கு நாலு நாள் இருந்தது. சொல்லவில்லை. அவர் என்னைக் 'கஞ்சி காய்ச்சுறவன்' என்று எல்லாருக்கும் அறிமுகப்படுத்தினார். அந்தக் கோபத்தில், இவருக்கு நான் ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். பிறகு மொறீனின் சட்டியில் தூளைக் கொட்டியதும், நாலு நாள் வைத்திருந்ததை எடுத்து எறிந்தேன். சுகப்படுத்துவதற்கென்று சொல்லியிருக்க வேண்டியதை நோகடிப்பதற்கென்று சொன்னேன். அதன் பிறகு அவர் டொக்டரிடம் போவாரா?

சாபம் போடவில்லை என்று எழுதினேன். அதைவிட மோசமானதைச் செய்தேன்.

இதைத் தபாலில் போடப் போகிறேன்.

இரத்தினவேல்

•

அம்மருட், ஒஸ்லோ
11.11.2006

அன்புள்ள தம்பி,

அத்தான் இருக்கிறார். கம்சாயினி உனக்குச் சொல்லியிருப்பாள். ஆனாலும் என் கையால் எழுத வேண்டும்.

அம்புலன்ஸ் வந்தபோது கதவைத் திறக்க எழும்பியவர் வீட்டு நடையிலேயே விழுந்துவிட்டாராம். இருதயம் தாறுமாறாக அடித்திருக்கிறது. இன்னும் ஒரு நேரம் அதைச் சாப்பிட்டிருந்தால் உயிர் போயிருக்கும் என்று டொக்டர் கம்சாயினிக்குச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. நான் வேலையிடத்தில் கிழவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தேன். அவித்த மீனும் அவித்த கிழங்கும். அன்றைக்கே மெசினில் போட்டு இரத்தத்தைக் கழுவினார்கள். இனி வாரத்தில் மூன்று நாள் அதுதான் வாழ்க்கை.

சமைத்துக் கொடுத்தவள் நான். ஆஸ்பத்திரித் தாளின் மூன்றாம் பக்கத்தில் அந்த உப்பைத் தொடவேண்டாம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நான் இரண்டாம் பக்கத்தோடு மடித்து வைத்துவிட்டேன்.

நீ எழுதியதை வாசித்தேன். என்னிடமும் ஒன்று இருக்கிறது. நீ கண்டதை உனக்கு முன்னமே நான் கண்டேன். நீங்கள் வருவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே அவருடைய காலுக்கு நான் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். பஸ் ஓடுகிறவருக்குக் கால் வீங்கும்தானே என்று எனக்கு நானே சொன்னேன். டொக்டரிடம் போனால் சாப்பாட்டை மாற்றச் சொல்வார்கள், என் கறிக்காகத்தான் அவர் வேலை முடிந்து ஓடி வருகிறார், அதுவும் இல்லையென்றால் எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் என்ன மிச்சம் என்று பயந்தேன். பிறகு நீ எல்லாருக்கும் முன்னால் சொன்னாய். எனக்குத் தெரிந்திருந்ததை நீ சொன்னாய். அதனால்தான் கதவைத் திறந்தேன். மரியாதை கெட்டதற்காக இல்லை.

அந்தப் பெட்டி உப்பின் ஆபத்தை மொறீன்தான் கண்டுபிடித்தாள் என்பதை அத்தானுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அவர் கேட்க மாட்டார், தம்பி. முப்பது வருசத்தில் என்னிடமே ஒன்றும் கேட்டதில்லை. ஆகவே நான் கேட்கிறேன். மொறீனுக்கு இதை அப்படியே சொல். அவரை உயிரோடு வைத்திருக்க எனக்குச் சொல்லித் தரச் சொல்.

அக்கா

•

பிரெஸ்டன்
24.11.2006

அன்புள்ள அக்கா,

அப்படியே சொன்னேன். மொறீன் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, வாசிக்கத் தெரியாத எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெப்ரவரியில் வருகிறாள். பத்து நாள். எனக்கு அந்த நேரம் லீவு கிடையாது. தனியாகப் போய் என்ன செய்வாய் என்று கேட்டேன். "சமைப்பேன்" என்றாள். தான் அத்தானுக்காக வரவில்லையாம். அவளுடைய அம்மாவுக்குச் சொல்லித்தர அந்தக் காலத்தில் ஒருவரும் வரவில்லை, ஒன்பது வருசமும் அவர் தனியாகவே பயந்துகொண்டு சமைத்தார் என்றாள். அந்த அம்மாவை நினைத்துத்தான் வருகிறாள் என்று நினைக்கிறேன்.

இரண்டு விசயம் சொல்லச் சொன்னாள். நீங்கள் அவளிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது, நீங்கள் கேட்க வேண்டிய ஆள் இல்லை. அத்தானை யாரும் கேட்கவைக்கவும் கூடாது.

எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. அவள் அன்றைக்கு உங்கள் வீட்டிலிருந்து வந்தபின் நாலு மாதம் அந்தச் சட்டியைத் தொடவில்லை.

தம்பி

•

அம்மருட், ஒஸ்லோ
27.02.2007

அன்புள்ள தம்பி,

மொறீன் பத்திரமாக வந்து சேர்ந்திருப்பாள். அவள் உனக்குச் சொன்னது பாதியாகத்தான் இருக்கும். எனவே எழுதுகிறேன்.

வந்த அன்று அத்தான் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த நாள் காலை உருளைக்கிழங்கைத் தோல் சீவிச் சின்னச் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் திரும்ப அவித்தாள். கிழங்கைச் சாகடிக்கிறாளே என்று நினைத்தேன். அதற்குத்தானாம் அவிப்பது. பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடும். கரட்டும் அப்படித்தான், முட்டைக்கோவாவும் அப்படித்தான். சத்துப் போக அவிக்கிறார்கள் என்று நாங்கள் பழித்த அந்த அவியல்தான் இவருக்கு மருந்து.

நானும் சும்மா நிற்கவில்லை. கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் காட்டினேன். சீரகத்தை வறுத்து இடித்தேன், மிளகும் உள்ளியும் சேர்த்தேன், இறக்கியபின் கொஞ்சம் தேசிப்புளி விட்டேன். எல்லாம் எவ்வளவு போடலாம் என்று அவள் அளந்து எழுதித் தந்தாள். தேங்காய்ப்பாலுக்கு மட்டும் தலையாட்டி மறுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள்தான் அவர் மேசைக்கு வந்தார். மெசினில் இருந்துவிட்டு வந்த களைப்பு. ஒரு கரண்டி வாயில் வைத்தார். அவளை நேரே பார்த்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ருசி இல்லை" என்றார். நான் எழும்பிவிட்டேன். மொறீன் தன் கோப்பையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "இல்லைத்தான்," என்றாள். "இருக்கிறது என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. சாப்பிடுங்கள்." அவளுடைய கோப்பையிலும் அதே சாப்பாடுதான். அவர் அவளையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார். முழுவதும் இல்லை, முக்கால்வாசி.

ஆறாம் நாள் அவருடைய ஜக்கெற்றைக் கொழுவப் போனவள் பைக்குள் கருவாட்டுப் பொட்டலத்தைக் கண்டாள். கொண்டுவந்து அவருக்கு முன்னால் மேசையில் வைத்துவிட்டு எதிரே இருந்தாள். அரை மணித்தியாலம் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். எனக்கு அவர்களுக்கு நடுவில் நிற்கப் பயமாக இருந்தது, விட்டுப் போகவும் பயமாக இருந்தது. கடைசியில் அவர் பொட்டலத்தை என் பக்கம் தள்ளி, "இதைச் சிறீஸ்கந்தராசாட்டைக் குடுத்துவிடு" என்றார். அதற்குப் பிறகு மறைத்ததாக நான் காணவில்லை.

கால் வீக்கம் வற்றியிருக்கிறது. இரத்த அழுத்தமும் இறங்கியிருக்கிறது என்றார்கள். அவர் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். என்னுடையது பொருந்துமா என்று அடுத்த மாதம் பார்ப்பார்கள். ஒக்டோபரில் இதைச் சொன்னபோது, வேண்டாம், சாகவிடு என்றவர்.

இனி, நான் இந்தக் கடிதத்தை எழுதும் காரணம். புறப்படும் நாள் காலை நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன், அவளை ரீபானே என்கிற நகர ரயிலுக்குக் கூட்டிப் போக. அவர் வந்து, "நீ நில்" என்றார். அவளுடைய பெட்டியைத் தானே எடுத்தார். வெளியே எல்லாம் கண்ணாடிபோலப் பனி உறைந்து கிடந்தது. யன்னலால் பார்த்தேன். அவர் பெட்டியை இழுத்துக்கொண்டு அடிக்கடி நின்று மூச்சு வாங்குகிறார். அவள் வாங்கக் கை நீட்டுகிறாள், அவர் கொடுக்கவில்லை. அவர் ஏதோ சொல்லிக்கொண்டே போகிறார். பத்து நாளில் அவர் அவளிடம் சொன்னது மொத்தம் பத்துச் சொல் இருக்காது.

ஏழு நிமிட வழிக்கு நாற்பது நிமிடம் கழித்துத்தான் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. குளிர்க் காற்று என்றார். என்ன கதைச்சனீங்கள் என்று கேட்டேன். "ஒண்டும் இல்லை" என்றுவிட்டு யன்னலடிக்குப் போய்விட்டார்.

மொறீனிடம் கேட்டு எழுது. எனக்குத் தெரிய வேண்டும்.

அக்கா

•

பிரெஸ்டன்
08.03.2007

அன்புள்ள அக்கா,

கேட்டேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றாள். உங்களுக்கு மட்டும் எழுதலாம், அத்தானுக்குத் தெரியக்கூடாது என்ற நிபந்தனையில் நேற்றுச் சொன்னாள்.

அத்தான் வீட்டு வாசலில் இருந்து ரயில் மேடை வரைக்கும் கதைத்துக்கொண்டே வந்திருக்கிறார். ஆங்கிலத்தில் இல்லை, தமிழிலும் இல்லை. முழுக்க முழுக்க நோர்வேஜிய மொழியில். அவளுக்கு அது தெரியாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். முதல் ரயில் வந்தது, அவர் நிறுத்தவில்லை, அவள் அதை விட்டுவிட்டாள். அடுத்த ரயிலையும் விட்டாள். கையை ஆட்டி ஆட்டி, சில இடத்தில் நின்று, சில இடத்தில் குரல் உடைந்து சொன்னாராம். என்ன சொன்னார் என்று அவளுக்கு ஒரு வசனமும் விளங்கவில்லை.

ஒரு சொல் மட்டும் விளங்கியது. 'உன்ஷில்'. பத்து நாளாக ரயிலில் தோளில் முட்டிய ஒவ்வொருவரும் அவளிடம் சொன்ன சொல். மன்னியுங்கள். அந்தச் சொல் அவருடைய பேச்சில் ஐந்தாறு தரம் வந்ததாம்.

"நீ என்ன செய்தாய்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் விளங்காத மாதிரி நின்றேன்," என்றாள். "விளங்கியது என்று தெரிந்திருந்தால் அவர் நிறுத்தியிருப்பார்."

தம்பி
இரத்தினவேல்